உங்களுக்குத் தெரியுமா? திரையில் பறக்கும் விண்கப்பல் எத்தனை மீட்டர்?

✦ 1966-ல் தொலைக்காட்சிக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் என்டர்பிரைஸ் கப்பலை ரொறன்ரோவின் சிஎன் கோபுரத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினால், அதன் நுனி கோபுரத்தின் பார்வையாளர் மாடத்தைக்கூடத் தொடாது. கப்பலின் நீளம் 289 மீட்டர். மாடம் இருப்பதோ 346 மீட்டர் உயரத்தில். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடருக்காக நம் பக்கத்து ஊரான மிசிசாகாவில் செட் போட்டு எடுத்த என்டர்பிரைஸை அதே இடத்தில் நிறுத்துங்கள். அதன் நீளம் 442 மீட்டர். 447 மீட்டரில் இருக்கும் ஸ்கைபாட் மாடத்துக்கு ஐந்து மீட்டர்தான் குறைவு. கதைப்படி இரண்டும் ஒரே கப்பல்! பிந்திய தொடரின் கதை முந்தைய தொடரின் கதைக்குச் சில ஆண்டுகள் முன்னால் நடக்கிறது. அப்படியானால் அந்தச் சில ஆண்டுகளில் கப்பல் 153 மீட்டர் சுருங்கியிருக்க வேண்டும்.

✦ நீளம் ஒன்றரை மடங்கு கூடினால் கப்பல் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அகலமும் உயரமும் கூடவே வளரும். வடிவம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 289 மீட்டரிலிருந்து 442-க்குப் போகும் கப்பலின் கொள்ளளவு ஏறத்தாழ 3.6 மடங்காகிறது. பழைய கப்பல் மூன்றை உருக்கி ஊற்றினாலும் புதியது நிரம்பாது.

✦ எப்படி அளக்கிறார்கள்? கப்பல் கற்பனை. ஆனால் அதற்குள் நடமாடும் மனிதர்கள் நம்மைப் போன்றவர்கள். எனவே அளக்க உட்காருபவர் முதலில் மனித உடலின் தடயத்தைத் தேடுகிறார்: ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஏறிவரும் சரிவுப்பாதை, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஓர் உருவம்.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கப்பல் பக்கவாட்டில் தெரியும் ஒரு காட்சியை அப்படியே நிறுத்துங்கள். மூக்கிலிருந்து வால் வரை 900 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜன்னல் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 9 புள்ளிகள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 3 மீட்டர் என்று எடுத்தால் ஒரு புள்ளி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கப்பல் 300 மீட்டர். தளத்தின் உயரத்தை மூன்றரை மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். கப்பல் 350 மீட்டராகிவிடுகிறது. கூரைக்கு மேலே குழாய்களுக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற ஒரு சின்னக் கேள்வியில், அரை மீட்டர் வித்தியாசத்தில், 50 மீட்டர் போய் வருகிறது! இந்தத் துறையில் வாக்குவாதம் ஓயாததற்குக் காரணம் இதுதான்.

✦ இரண்டு கப்பல்கள் ஒரே காட்சியில் அருகருகே தெரிந்தால் ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்கலாமா? இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் மட்டும்தான். ஒன்று மற்றதன் மீது மோதுவது, ஒன்றின் வயிற்றுக்குள் மற்றது புகுவது, ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழுவது போன்ற காட்சிகள் அதனால்தான் அளப்பவர்களுக்குப் பொக்கிஷம். வெறுமனே பக்கத்தில் பறக்கும் காட்சிக்கு மதிப்புக் குறைவு.

✦ இதே கணக்கை உண்மையான வானத்தில் போட்டவர் ஒருவர் நம் ஊரில் இருந்தார். ரிச்மண்ட் ஹில்லில் உள்ள டேவிட் டன்லப் வானாய்வகத்தில் பல்லாண்டுகள் உழைத்த ஹெலன் சாயர் ஹாக், கோளக் கொத்துகள் எனப்படும் உருண்டையான நட்சத்திரக் கூட்டங்களில் மினுங்கி மங்கும் நட்சத்திரங்களைத் தேடிப் பட்டியலிட்டவர். அத்தகைய நட்சத்திரங்களின் ஒளியிலிருந்து கொத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கலாம். தூரம் தெரிந்தால், வானில் அது பிடிக்கும் கோணத்தை வைத்து அதன் உண்மை அகலம் கிடைத்துவிடும். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் 3,474 கிலோமீட்டர் விட்டமுள்ள நிலவு முழுதாக மறைந்துபோகிறதே, அதே வித்தைதான். ஹாக் 1951 முதல் முப்பது ஆண்டுகள் 'ரொறன்ரோ ஸ்டார்' நாளிதழில் வானியல் பத்தியும் எழுதினார். கடினமான கணக்கைச் சாதாரண வாசகருக்குச் சொல்ல முடியும் என்று நம்பியவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

✦ முதல் என்டர்பிரைஸின் பெரிய மாதிரி 3.4 மீட்டர் நீளம். மாட் ஜெஃப்ரிஸ் வடிவமைத்தது. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 289 மீட்டர் கப்பலை 3.4 மீட்டரில் அடக்கினால் அது 85-ல் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் அக்கப்பலின் கேப்டன் கிர்க்கின் உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

✦ அந்த மாதிரியின் இடப்பக்கத்தில் ஜன்னல்களோ விளக்குகளோ கிடையாது. மின்கம்பிகள் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போயின. கேமரா எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்தது.

✦ கப்பல் நேரே போகும்போது கேப்டன் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தாரா? மாதிரியில் மின்தூக்கி வந்து சேரும் உருளை, கட்டுப்பாட்டு அறைக்கு நேர் பின்னால், நடுக்கோட்டில் இருக்கிறது. செட்டிலோ மின்தூக்கியின் கதவு கேப்டனின் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. 1975-ல் கப்பலின் முழு வரைபடத்தையும் வெளியிட்ட ஃபிரான்ஸ் ஜோசஃப் இரண்டையும் பொருத்துவதற்குக் கட்டுப்பாட்டு அறையையே 36 பாகை திருப்பி வரைந்துவிட்டார். கப்பல் முன்னே போகிறது, எல்லோரும் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தபடி பயணம் செய்கிறார்கள். அந்தத் தீர்வை இன்றுவரை ஏற்காதவர்கள் உண்டு.

✦ அதே தொடரின் கலிலியோ என்ற சிறு ஓடம் இன்னொரு சிக்கல். வெளிப்புறத்துக்காகச் செய்த முழு அளவு வண்டி ஏறத்தாழ 22 அடி நீளம். கதையில் அதை 24 அடி என்கிறார்கள். உள்ளே காட்டும் அறையிலோ நெடிய நடிகர்கள் தலை இடிக்காமல் நடக்கிறார்கள். அந்த அறை அந்த வண்டிக்குள் அடங்கவே அடங்காது. வெளியைச் செய்தவர்கள் வண்டியை ஸ்டூடியோவுக்கு வெளியே கொண்டுபோவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். உள்ளைச் செய்தவர்கள் கேமராவுக்கு இடம் வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள். திரையில் கப்பல்களின் உள்ளும் புறமும் பொருந்தாமல் போவதற்கு இந்த இரண்டு கவலைகளே பெரும்பாலும் காரணம். சீரமைக்கப்பட்ட அந்த வண்டி இப்போது ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் இருக்கிறது. நேரில் போய் உயரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

✦ இனி நம் ஊரின் பெரிய வழக்கு. 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' ரொறன்ரோ துறைமுகப் பகுதியில் உள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் படமான தொடர். கப்பலின் நீளம் 750 மீட்டர் என்கிறார்கள். நிமிர்த்தினால் 553 மீட்டர் சிஎன் கோபுரத்தின் உச்சிக்கும் மேலே இருநூறு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிய கப்பல்தான். ஆனாலும் 2021 ஜனவரி 7-ல் வந்த மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதியைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். மின்தூக்கியின் மேல் சண்டை நடக்கிறது. கேமரா பின்வாங்குகிறது. கப்பலுக்குள்ளே ஒரு பிரம்மாண்டமான வெற்றுவெளி. அதில் பாதைகள் வளைந்து நெளிகின்றன, மின்தூக்கிப் பெட்டிகள் நாலாபக்கமும் பறக்கின்றன. ஒரு நகரத்தையே உள்ளே வைக்கலாம் போல!

அளப்பவர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். டிஸ்கவரியின் நீளத்தில் பெரும்பகுதி பின்னால் நீளும் இரண்டு எஞ்சின் தண்டுகளுக்கே போய்விடுகிறது. ஆட்கள் வாழும் தட்டு அகலமானது, ஆனால் மெல்லியது. ஜன்னல் வரிசைகளை எண்ணினாலே அதன் தடிமன் புரிந்துவிடும். அத்தனை தளங்களையும் காலி செய்தாலும் அந்த வெளி உள்ளே வராது. கதை அப்போது 32-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது, கப்பலைப் புதுப்பித்துவிட்டார்கள், எதிர்காலத் தொழில்நுட்பம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. 2019-ல் வந்த 'ஷார்ட் ட்ரெக்ஸ்' குறும்படத்தில், புதுப்பிக்காத என்டர்பிரைஸுக்குள்ளும் இதே போன்ற பெருவெளியில் மின்தூக்கி ஓடுகிறதே! காட்சி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கப்பலை மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். கப்பல் ஒரு வீடு என்ற நம்பிக்கையைப் பார்வையாளர் மனதில் ஆண்டுக்கணக்கில் கட்டிவிட்டு ஒரு சண்டைக்காக அதை உடைப்பது நட்டம்தான்.

✦ மின்தூக்கித் துளையில் வழுக்கியது அவர்கள் மட்டுமல்ல. 1989-ல் வந்த ஐந்தாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தை இயக்கியவர் மொன்றியலில் பிறந்த வில்லியம் ஷாட்னர். அதில் கிர்க்கும் அவருடைய தோழர்கள் ஸ்பாக்கும் மெக்காயும் துளை வழியே மேலே பறக்கிறார்கள். சுவரில் தள எண் 78 தெரிகிறது. கப்பலில் இருப்பதோ இருபதை ஒட்டிய தளங்கள். மேலே போகப் போக எண் கூடுகிறது என்பது இன்னொரு கோளாறு; அந்தக் கப்பலில் எண்ணிக்கை உச்சியிலிருந்து கீழே வர வேண்டும்.

✦ 1996-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் கேப்டன் பிக்கார்ட் தன் கப்பலில் 24 தளங்கள் என்கிறார். 2002 படத்தில் அதே கப்பலின் 29-ஆம் தளத்தில் சண்டை நடக்கிறது.

✦ 2009-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் என்டர்பிரைஸ் வரைபடத்தில் சிறியதாகத்தான் தொடங்கியது. வேலை நடக்கும்போதே வளர்த்துக்கொண்டே போய் 725 மீட்டரில் நிறுத்தினார்கள். ஓடங்கள் நிற்கும் கூடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். அந்தப் படத்தின் எஞ்சின் அறை கலிபோர்னியாவின் வான் நைஸில் உள்ள ஒரு பியர் ஆலையில் படமானது. அந்தத் தொட்டிகள் நிஜமானவை, எனவே அந்த அறையின் அளவும் நிஜம். சின்னக் கப்பலுக்குள் அது அடங்காது.

✦ அளவைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே யோசித்த தொடர் ஒன்றும் ரொறன்ரோவில்தான் பிறந்தது. 2015 முதல் 2022 வரை வந்த 'தி எக்ஸ்பான்ஸ்'. அதன் நாயகக் கப்பல் ரோசினான்டே 46 மீட்டர்தான். நாசாவின் விண்ணோடம் 37 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு அடக்கமானது என்று தெரியும். அதைவிட முக்கியம் உள்ளமைப்பு. மற்ற படங்களில் விண்கப்பலின் தளங்கள் கடலில் போகும் கப்பலைப் போல நீளவாக்கில் கிடக்கும். இங்கே தளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்குமாடிக் கட்டடம் போல நிற்கின்றன. எஞ்சின் அடித்தளம், மூக்கு மொட்டை மாடி. எஞ்சின் உந்தும்போது கப்பல் 'மேலே' முடுக்கப்படுவதால் கால்கள் தரையில் அழுந்தும், அதுவே எடை. எஞ்சினை நிறுத்தினால் எல்லோரும் மிதப்பார்கள், அல்லது காந்தக் காலணியைப் போட்டுக்கொள்வார்கள்.

இந்த அமைப்பில் பொய் சொல்வது கடினம். தளங்களை எண்ணி, ஒவ்வொன்றின் உயரத்தைக் கூட்டி, எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் இடம் விட்டால் மொத்த நீளம் ஏறத்தாழ வந்துவிட வேண்டும். தொடரின் தலைமை எழுத்தாளர்களில் ஒருவரான, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நரேன் சங்கர், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பொறியியலாளர். முன்பு 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தவர். அந்தப் பயிற்சி திரையில் தெரிகிறது.

✦ நிஜ விண்வெளிப் படங்களுக்கு ரொறன்ரோ ஓர் அளவுகோலையே அனுப்பியிருக்கிறது. இங்கிருந்த ஸ்பார் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்த கனடாகரம் 1981 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. நீளம் 15.2 மீட்டர். விண்ணோடப் படங்களில் அந்தக் கை நீண்டிருந்தால் மற்றதை எல்லாம் அதை வைத்தே அளந்துவிடலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் முனைக்கு முனை 109 மீட்டர். மனிதர் இதுவரை விண்வெளியில் கட்டியவற்றில் பெரியதே முதல் என்டர்பிரைஸின் பாதிகூட இல்லை.

✦ சிறிய மாதிரியைப் பெரிதாகக் காட்டுவதற்குக் கணிதம் உண்டு. விழும் பொருள் தரையைத் தொடும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே 16-ல் ஒரு பங்கு மாதிரி வெடித்துச் சிதறுவதைப் படமெடுக்கும்போது கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 24-க்குப் பதில் 96 சட்டங்களாக ஓட்ட வேண்டும். பிறகு சாதாரண வேகத்தில் போட்டால் துண்டுகள் கனத்தோடு, நிதானமாக விழும். 25-ல் ஒரு பங்கு என்றால் ஐந்து மடங்கு வேகம். நெருப்பையும் புகையையும் ஓரளவு ஏமாற்றலாம். தண்ணீரை முடியாது. நீர்த்துளி எந்த மாதிரியிலும் தன் அளவிலேயே இருக்கும். பழைய படங்களில் கப்பல் கடலில் விழும்போது நம் கண் உடனே கண்டுபிடித்துவிடுவது அதனால்தான்.

✦ இன்னொரு காட்டிக்கொடுக்கும் குணம் மங்கல். பொம்மையை நெருக்கத்தில் படமெடுத்தால் முன்பகுதி தெளிவாகவும் பின்பகுதி மங்கியும் விழும். கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் பெரிய பொருளுக்கு அப்படி நேராது. 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படக்குழு லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, ஒவ்வொரு சட்டத்துக்கும் நீண்ட நேரம் ஒளி கொடுத்தது. முனைக்கு முனை தெளிவு கிடைத்தது. ஆனாலும் பெரிய மாதிரி 16 மீட்டருக்கு மேல் நீளமாக இருந்தது, அதுவே ஒரு வீட்டைவிட நீளம்!

அந்தப் படத்துக்கும் ரிச்மண்ட் ஹில்லுக்கும் உறவு உண்டு. கனடா தேசியத் திரைப்பட வாரியம் 1960-ல் எடுத்த 'யூனிவர்ஸ்' என்ற ஆவணப்படம் டேவிட் டன்லப் வானாய்வகத்தில் ஒரு வானியலாளரின் இரவைப் பின்தொடர்கிறது. '2001' படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதைப் பார்த்து வியந்தார். அதற்குக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெய்ன்தான் பிறகு '2001'-ல் வரும் ஹால் கணினியின் குரலானார். அதன் இயக்குநர்களில் ஒருவரான ரோமன் குரோயிட்டர் பின்னர் ஐமேக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். உலகின் முதல் நிரந்தர ஐமேக்ஸ் அரங்கான சினிஸ்ஃபியர் 1971-ல் ரொறன்ரோ ஏரிக்கரையில் திறந்தது.

✦ 'ஏலியன்' படத்தில் கப்பலின் காலடியில் மூன்று பேர் விண்வெளி உடையில் நடக்கும் காட்சியில் நடப்பவர்கள் சிறுவர்கள். இயக்குநர் ரிட்லி ஸ்காட் தன் மகன்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரின் பையனுக்கும் சின்ன அளவில் உடை தைத்துப் போட்டார். ஆள் சிறிதானால் கால் தானாகப் பெரிதாகிவிடும்.

✦ 1963-லேயே விண்கலத்தில் வேற்றுக்கிரகவாசி வந்திறங்கிய தமிழ்ப் படம் உண்டு. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'.

✦ 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முதல் காட்சியில் தலைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும் ஸ்டார் டிஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர். அதைப் படமெடுக்கப் பயன்பட்ட மாதிரியோ மூன்று அடி. அந்த 1,600 மீட்டரை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இறக்கிப் பார்ப்போம். இந்நகரின் பெருந்தெருக்கள் பழைய நில அளவையின்படி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. மார்க்கம் வீதியில் லோரன்ஸிலிருந்து எல்ஸ்மியர் நோக்கிக் கிடத்தினால் கப்பல் இரண்டுக்கும் நடுவே அடங்கிவிடும்.

அதே படத்தொடரின் வில்லன் டார்த் வேடரின் கப்பலான எக்ஸிகியூட்டர் அப்படி அடங்காது. அதன் நீளம் 8 கிலோமீட்டர் என்று நெடுநாள் அச்சிட்டு வந்தார்கள். கர்டிஸ் சாக்ஸ்டன் போன்ற ரசிகர்கள் படத்தைச் சட்டம் சட்டமாக நிறுத்தி, பக்கத்தில் வரும் ஸ்டார் டிஸ்ட்ராயர்களோடு ஒப்பிட்டு, பதினோரு மடங்கு என்று வாதாடினார்கள். அதாவது 17.6 கிலோமீட்டர். அதிகாரபூர்வ எண் 12.8-க்கு ஏறி, கடைசியில் 19-ல் நின்றது. யங் தெருவில் குயின் சந்திப்பில் அதன் வாலை வைத்தால் மூக்கு ஸ்டீல்ஸைத் தாண்டி நெடுஞ்சாலை 7-ஐ நெருங்கும். அளவுகோலும் பொறுமையும் மட்டுமே வைத்திருந்தவர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் அச்சிட்ட எண்ணை மாற்ற வைத்த கதை இது. இந்தப் பத்தியில் எனக்கு மிகப் பிடித்த செய்தியும் இதுதான்.

✦ எண்ணைத் தாங்களே திருத்திக்கொண்டவர்களும் உண்டு. 1979-ல் வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் பூமியை நோக்கி வரும் மேகத்தின் விட்டம் 82 வானியல் அலகு என்கிறார்கள். ஒரு அலகு பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம். சூரியனிலிருந்து நெப்டியூன் 30 அலகு. ஆகவே அந்த மேகம் நெப்டியூனின் சுற்றுப்பாதையையே விழுங்கிவிடும். 2001-ல் இயக்குநர் பதிப்பு வந்தபோது வசனத்தைத் திருத்தி 2 அலகாக்கினார்கள்.

✦ இந்தக் கணக்குகளில் மனம் ஒட்டியவர்கள் கொலேஜ் தெரு 239-க்குப் போகலாம். ரொறன்ரோ பொது நூலகத்தின் லிலியன் எச். ஸ்மித் கிளையில் மெரில் சேகரிப்பு இருக்கிறது. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970-ல் தன் ஐந்தாயிரம் நூல்களைக் கொடுத்துத் தொடங்கி வைத்தது. அறிவியல் புனைகதைக்கென்றே பொதுநூலகத்தில் இப்படி ஒரு பெரிய சேகரிப்பு உலகில் அபூர்வம். உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

✦ எல்லா அளவுகோலையும் ஒரே அடியில் ஒதுக்கித் தள்ளியவரும் ரொறன்ரோக்காரரே. 1917-ல் இங்கே பிறந்த சிட்னி நியூமன், லண்டனில் பிபிசியின் நாடகப் பிரிவுக்குத் தலைவராகி 1963 நவம்பர் 23-ல் 'டாக்டர் ஹூ' தொடரைத் தொடங்கி வைத்தார். அதன் விண்கலம் வெளியே தெருவோரத்து போலீஸ் தொலைபேசிப் பெட்டி அளவுதான். உள்ளேயோ அறை அறையாக விரிகிறது. வெளியைவிட உள்ளே பெரிய ஓடம் என்ற யோசனை நியூமனுடையது என்றே சொல்கிறார்கள். அந்தத் தொடரின் உள்ளரங்கை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் வெளிப்பெட்டியோடு பொருந்துகிறதா என்று யாரும் அளந்து பார்க்க வேண்டியதே இல்லை.